நிலாவிலும் அதே கல், நாமக்கல்லிலும் அதே கல்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், நிலவியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நமது பூமியும் உயிர் வாழ்வதற்கான சூழலும்’. கொடுத்த நேரம் அரை மணி. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். வகுத்துப் பார்த்தேன், கோடி ஆண்டுக்கு நாலு வினாடி வருகிறது. அந்த வேகத்தில் பேச பட்டிமன்றக்காரர்களாலும் முடியாது. ஆகவே எல்லாவற்றையும் தொடப் போவதில்லை. நான் 1978 முதல் 1981 வரை இந்தக் கல்லூரியில் ஜியாலஜி படித்தவன். மேல்படிப்பு முடித்து 34 வருஷம் அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உத்தியோகம் பார்த்தவன். எனக்குத் தெரிந்தது கல். இந்த மஞ்சள் பையில் இரண்டு கல் கொண்டு வந்திருக்கிறேன், கூடவே வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு ஒரு டப்பா. இவற்றை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் என்ன படித்தோம்? பூமி சூரியனிலிருந்து சரியான தூரத்தில், 15 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. வெள்ளி 10 கோடியே 80 லட்சத்தில் இருப்பதால் கொதிக்கிறது. செவ்வாய் 22 கோடியே 80 லட்சத்தில் இருப்பதால் உறைந்து கிடக்கிறது. நாம் நடுவில் இருப்பதால் சௌகரியமாக இருக்கிறோம். தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. நிலா எங்கே இருக்கிறது, சொல்லுங்க பார்ப்போம். நம் பக்கத்திலேயே, சூரியனிடமிருந்து நாம் இருக்கிற அதே தூரத்தில் இருக்கிறது. தூரம் ஒன்றே போதும் என்றால் அங்கேயும் தென்னந்தோப்பு இருக்க வேண்டாமா?

நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. இரவில் மைனஸ் 130க்கும் கீழே இறங்குகிறது. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி நம்முடைய சந்திரயான்-3 தென்துருவப் பக்கமாக இறங்கியதே, அதில் ஒரு வெப்பமானியைத் தரையில் குத்திப் பார்த்தார்கள். மேல்மண்ணில் 50 டிகிரிக்கு மேல். வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. நம் விரல் நீளத்துக்குள் சித்திரை வெயிலும் குளிர்சாதனப் பெட்டியும். திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெற்றியில் ஒரு நாமக்கல்காரருக்கும் பங்கு உண்டு. அவரைத்தான் பையில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன்.

இதோ, இந்த வெள்ளைக் கல். பெயர் அனார்த்தோசைட். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைப்பது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலாவைப் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிகிற மேட்டு நிலம் இருக்கிறதல்லவா, அதுவும் பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். நிலாத் தரையில் கலத்தை இறக்கி, வண்டியை ஓட்டிப் பழகுவதற்கு இஸ்ரோவுக்கு நிலா மண் போலவே மண் வேண்டியிருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களிலிருந்து கல் எடுத்துப் போய் அரைத்துத்தான் அந்த மண்ணைத் தயாரித்தார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பக்கம் ஃபீல்டு டிரிப் போனபோது, “இந்த வெயிலில் இந்தக் கல்லுக்காடா வந்தோம்” என்று திட்டியவர்கள் இந்த அரங்கத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலாவில் இந்தக் கல் சுமார் 440 கோடி ஆண்டுகளாகக் கிடக்கிறது. அங்கே அதற்கு ஆகிற ஒரே காரியம், மேலே விண்கல் விழுந்து பொடியாவதுதான். சித்தம்பூண்டியில் அப்படி இல்லை. அங்கே மழை பெய்கிறது. மழைத் துளி காற்றில் இறங்கும்போது கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் மழைநீர் மிக மெல்லிய அமிலம், சோடா மாதிரி, அதைவிடப் பல மடங்கு நீர்த்தது. அந்தத் தண்ணீர் கல்லில் உள்ள கால்சியத்தை, அதாவது சுண்ணச் சத்தை, அணு அணுவாகக் கரைத்து எடுக்கிறது. ஓடையில் சேர்ந்து, காவிரியில் சேர்ந்து, கடலுக்குப் போகிறது. கடலில் சிப்பியும் சங்கும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அந்தச் சுண்ணத்தையும், மழை பிடித்துவந்த கரியமில வாயுவையும் சேர்த்து ஓடு கட்டிக்கொள்கின்றன. செத்தபின் ஓடு அடியில் படிகிறது. கோடிக்கணக்கான ஆண்டில் அது சுண்ணாம்புக்கல் ஆகிறது.

அதாவது காற்றில் இருந்த வாயு கல்லாகிவிட்டது. பூமியில் உயிர் வாழ முடிகிறது என்பதன் ரகசியத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளிக் கிரகத்தைப் பாருங்க. அளவில் பூமிக்குத் தங்கச்சி மாதிரி. ஆனால் அதன் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. காற்றின் அழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல். தரையில் 460 டிகிரி வெப்பம், ஈயம் உருகும். ‘நல்லவேளை, நம்மிடம் அவ்வளவு கரியமில வாயு இல்லை’ என்று நினைக்காதீர்கள். நம்மிடமும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. அது காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. பூமியின் சுண்ணாம்புப் பாறைகளில் அடைந்து கிடக்கும் வாயு அத்தனையும் வெளியே வந்தால் நம் காற்றும் ஏறக்குறைய வெள்ளியின் காற்றைப் போல ஆகிவிடும். வெள்ளியில் தண்ணீர் ஆவியாகி மேலே போய், சூரிய ஒளியில் பிரிந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப் போய்விட்டது. மழை இல்லை, கடல் இல்லை, வாயுவைப் பிடித்துக் கல்லில் பூட்ட ஆளில்லை.

அதற்காகக் கரியமில வாயுவை வில்லனாக்கிவிட வேண்டாம். அது கொஞ்சமும் இல்லாமல், காற்றின் போர்வை இல்லாமல் இருந்தால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. நம்முடைய சராசரி சுமார் 15 டிகிரி. இந்த 33 டிகிரி வித்தியாசத்தில்தான் நாம் எல்லாரும் குடியிருக்கிறோம். போர்வை வேண்டும், ஆனால் மெல்லிசாக வேண்டும். மார்கழிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று மாற்றவும் தெரிய வேண்டும்.

மாற்றத் தெரிந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். சூரியன் பிறந்த காலத்தில் இன்றைய வெளிச்சத்தில் 70 சதவீதம்தான் கொடுத்தது. அந்தக் கணக்குப்படி ஆதிகாலத்துப் பூமி முழுக்க உறைந்திருக்க வேண்டும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்த சிர்கான் மணிகளைச் சோதித்தபோது, 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்ததற்கு அடையாளம் தெரிந்தது. சூரியன் மங்கலாக இருந்தபோது போர்வை கனமாக இருந்தது. சூரியன் பிரகாசம் கூடக் கூடப் போர்வை மெலிந்தது. யார் மெலிய வைத்தது? 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் சொன்னார்கள். நான் கடைசிப் பரீட்சை எழுதின வருஷம் அது. சிலபஸில் வரவில்லை என்று அப்போது யாரும் வருத்தப்படவில்லை. அவர்கள் சொன்னது இதுதான்: பூமி சூடானால் மழை கூடும், கல் கரைவது வேகமாகும், காற்றிலிருந்து வாயு அதிகமாக இறங்கும், பூமி குளிரும். பூமி குளிர்ந்தால் கல் கரைவது மந்தமாகும், எரிமலைகள் விடுகிற வாயு காற்றில் சேரும், பூமி மறுபடி சூடாகும். இஸ்திரிப் பெட்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அதே வேலை.

ஆனால் இந்தத் தெர்மோஸ்டாட் ஒருமுறை ‘டக்’கென்று அணைந்து எரிய லட்சக்கணக்கான ஆண்டு ஆகும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 72 கோடியிலிருந்து 63 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் இரண்டு முறை பூமி ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடிப் போனது. மேலே பனி மூடினால் கல் கரையாது. எரிமலை வாயு சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் பனி உருகியது. மீண்டது என்னவோ மீண்டதுதான். முதல் தடவை மீள ஐந்து கோடி ஆண்டுக்கு மேல் பிடித்தது.

பிராணவாயுவின் கதை இன்னொன்று. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசி வகை நுண்ணுயிர்கள் காற்றில் அதைச் சேர்த்த கதை, சேலம் கஞ்சமலையில் இருப்பது போன்ற இரும்புப் பட்டைப் பாறைகளின் கதை. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட்டால் வருகிறேன்.

இரண்டாவது கல்லைப் பாருங்க. அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில் கிடைப்பது. பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் இருப்பீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் இது கல்லே இல்லை, சிப்பிக் குப்பை. கிரிஃபியா என்ற தடித்த சிப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல. வயது சுமார் 7 கோடி ஆண்டு. டைனோசர்கள் இருந்த காலம். அன்றைக்கு அரியலூர் கடல். இன்றைக்கு அரியலூர்க்காரர்கள் கடல் பார்க்கக் கிழக்கே பஸ் பிடித்துப் போக வேண்டும். அப்போது கடலே வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்த வட்டாரத்தைச் சுற்றி வரைபடம் போட்டார். ஸ்டோலிக்ஸ்கா என்பவர் இங்கே கிடைத்த படிவங்களை ஒவ்வொன்றாக வர்ணித்துத் தொகுதி தொகுதியாக எழுதினார். உலகத்தில் கிரிடேஷியஸ் காலம் பற்றிப் பேசுகிறவர்கள் உட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்களை உச்சரிக்கத் தடுமாறியாவது உச்சரித்தே ஆக வேண்டும். நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டும் இங்கே ஏராளம். பூஜை அறையில் வைக்கிற கண்டகி நதிச் சாளக்கிராமம் இருக்கிறதே, அதுவும் அம்மோனைட் படிவம்தான். இங்கே மாட்டுக் குளம்படியில் உருண்டு கிடக்கும். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அடையாளம் கண்டது. பின்னாளில் அந்தத் துறைக்கே முதல் இந்திய இயக்குநர் ஆனவர் அவர்.

இந்தச் சிப்பிக் கல்லை வைத்துத்தான் என் வீட்டில் 34 வருஷம் அடுப்பு எரிந்தது. அதை மறைக்கவும் இல்லை, அதற்கு வெட்கப்படவும் இல்லை. எந்த இடத்தில் துளை போட்டால் எத்தனை சதவீதச் சுண்ணம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கல் போய்ச் சேரும் இடம் சிமெண்ட் ஆலையின் சூளை. 1,450 டிகிரியில் சுடுகிறபோது என்ன நடக்கிறது? கெமிஸ்ட்ரி மாணவர்கள் சொல்லட்டும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போகும். ஏழு கோடி ஆண்டுக்கு முன் ஒரு சிப்பி கடல் தண்ணீரிலிருந்து பிடித்துப் பூட்டி வைத்ததை நாம் ஒரு மணி நேரத்தில் திறந்து விடுகிறோம். ஒரு சாதாரண 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, கல்லிலிருந்து மட்டும் சுமார் 25 கிலோ. எரிக்கிற நிலக்கரி கணக்கு தனி.

இப்போது ஒரு சின்ன வேடிக்கை. இந்த டம்ளரில் இருப்பது வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டின தண்ணீர். பாருங்க, தெளிவாக இருக்கிறது. முதலாமாண்டு மாணவி ஒருவர் மேடைக்கு வந்து இந்தக் குழாயால் மெதுவாக ஊதட்டும். ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாதும்மா! ... பார்த்தீர்களா, பால் மாதிரி வெளுத்துவிட்டது. நம் மூச்சில் உள்ள வாயு சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக்கல் தூளாகிவிட்டது. இந்தப் பெண் இப்போது செய்தது அந்தச் சிப்பி செய்த வேலை. (கைதட்டல்)

இதே வேடிக்கை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. அரிசோனா பாலைவனத்தில் ஒரு குட்டிப் பூமியைக் கட்டினார்கள். பெயர் பயோஸ்பியர்-2. முதலாவது நாம் இருக்கிற பூமி என்பதால் அதற்கு இரண்டு. சுமார் 3 ஏக்கர், முழுவதும் கண்ணாடிக் கூரை. உள்ளே குட்டிக் கடல், குட்டி மழைக்காடு, வயல், ஆடு, கோழி. 1991 செப்டம்பர் 26ஆம் தேதி நாலு ஆண், நாலு பெண் என எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வெளியிலிருந்து காற்றுகூட வேண்டாம் என்பது ஏற்பாடு. அன்றைய பத்திரிகைகளில் வந்த படங்களை நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

என்ன ஆயிற்று? 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த பிராணவாயு மாதாமாதம் குறைந்து, 16 மாதத்தில் 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 4,000 மீட்டர் மலை உச்சியில் இருப்பது போல மூச்சு வாங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயு ஏற்ற வேண்டியதாயிற்று. காரணம் தேடியபோது ஒரு துப்பறியும் கதை கிடைத்தது. வயலில் உரம் மிகுந்த மண் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தின்று தீர்த்தன. சரி, அப்படியானால் அதற்கு ஈடான கரியமில வாயு உள்ளே இருக்க வேண்டுமே? கணக்கில் பெரும்பகுதி காணவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செவரிங்ஹாஸ், புரோக்கர் முதலானோர் 1994இல் விடையை வெளியிட்டார்கள். வாயுவைத் தின்றது சுவர். புதுக் கான்கிரீட்டில் இருந்த சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்புக்கல்லாக மாறிக்கொண்டிருந்தது. இந்த டம்ளரில் நடந்ததேதான். கோடிக்கணக்கான டாலர் செலவழித்துக் கட்டிய பூமியைக் கொத்தனார் வேலை கவிழ்த்துவிட்டது!

உடனே என் அறை நண்பன், பெரிய பில்டிங் காண்ட்ராக்டர், இங்கே உட்கார்ந்திருக்கிறான், காலையில் காபி குடிக்கும்போதே கேட்டான்: “டேய் மாப்ள, அப்ப நாங்க கட்டுற கான்கிரீட்டே அந்த வாயுவைத் திருப்பி எடுத்துக்குதுல்ல? கணக்கு சரியாப் போச்சே!” நல்ல கேள்வி. எடுத்துக்கொள்கிறது, ஆனால் ஒரு பங்கை மட்டும், அதுவும் பல பத்தாண்டுகளில். அந்த வேகத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், நீ வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்றேன்.

நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றி. உலகத்தில் மனிதர்கள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்தும் சிமெண்ட் சுட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு விடுகிறோம். சிமெண்டின் பங்கு, எரிபொருளையும் சேர்த்தால், நூற்றுக்கு 7 அல்லது 8. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது நாம் விடுவதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பூமியின் தெர்மோஸ்டாட் எரிமலைகளின் வரத்துக்கு ஏற்ற சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தது. நாம் நூறு மடங்கு வேலையைத் தலையில் கட்டிவிட்டு, ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்கிறோம். பார்த்துக்கொள்ளத்தான் போகிறது. 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஏராளமான கரி வாயு காற்றில் சேர்ந்து பூமி சுமார் 5 டிகிரி சூடானது. பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. நமக்கு அவ்வளவு லீவு கிடையாது.

அண்டார்டிகா பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன்புவரை இந்த வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. நான் இங்கே முதலாமாண்டு சேர்ந்தபோது 335. 2024இல் 424. ஒரு மாணவன் கல்லூரியில் சேர்ந்து பணி ஓய்வு பெற்று மேடையேறுவதற்குள் இவ்வளவு. அந்த 2024இல் உலகின் சராசரி வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. கடலுக்குள் கரைகிற வாயுவால் கடல்நீரின் அமிலத்தன்மையும் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது. வாயுவைப் பூட்டி வைக்கிற சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவதே சிரமமாகிறது என்பது எனக்கு மற்றதைவிட உறுத்துகிறது. பூட்டுக்காரனையே தொந்தரவு செய்கிறோம்.

“டைனோசர் காலத்தில் இதைவிடச் சூடாக இருந்ததே, உயிர் இருந்ததே” என்று கேட்பார்கள். இருந்தது. அரியலூர் கடலுக்கு அடியிலும் இருந்தது! உயிர் என்ற பொதுப்பெயர் எதையும் தாங்கும். நெல்லும் மாடும் நாமும் தாங்குவோமா என்பதுதான் கேள்வி. மனித உடம்பு 37 டிகிரி. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டுகிற புழுக்கத்தில், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். வேலை செய்கிறவருக்கு அதற்கு எவ்வளவோ முன்பே ஆபத்து. மே மாதம் மதியம் சுரங்கக் குழியின் அடியில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கல் கீழிருந்தும் சுடும், காற்று இறங்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பகல் 12 மணிக்கு நிறுத்தின கை வேலையைப் பிற்பாடு 11 மணிக்கும், சில நாள் பத்தரைக்கும் நிறுத்தினோம். கூலி நாள் கணக்கு என்பதால் தொழிலாளிகளே வேண்டாம் என்பார்கள். “சார், இன்னும் ஒரு லோடு” என்பார்கள். அந்த வாக்குவாதம்தான் எனக்கு இந்தப் பாடத்தை நடத்தியது.

செவ்வாய்க்குப் போய்விடலாம் என்று இளைஞர்கள் சிலர் நம்பிக்கையோடு இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, சராசரி வெப்பம் மைனஸ் 60 டிகிரி. மூன்று ஏக்கரில், நம் பூமிக்குள்ளேயே, கேட்ட நேரத்தில் பிராணவாயு லாரி வரக்கூடிய தூரத்தில், எட்டுப் பேருக்குக் காற்று சமாளிக்க முடியவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆராயப் போகலாம். குடிபோக இடமில்லை.

சரி, சிமெண்ட் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. ஓலைக் கூரையில் மழை ஒழுகி வளர்ந்தவன் நான். கான்கிரீட் கூரையின் அருமை தெரியும். ஆனால் அதே கூரையைக் குறைந்த வாயுவில் போட வழி இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்கும் சிமெண்ட் கடைகளில் இருக்கிறது. ‘சாம்பல் சிமெண்டா, வேண்டாம்’ என்று ஒதுக்குகிற மேஸ்திரிகளிடம் காண்ட்ராக்டர் நண்பர்கள் எடுத்துச் சொல்லலாம். கூடுதலாகச் சில நாள் தண்ணீர் காட்டினால் நன்றாகவே இறுகும். இன்னொன்று, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துச் செய்வது. எல்.சி.3 என்பார்கள். சுவிட்சர்லாந்து, கியூபா விஞ்ஞானிகளோடு நம் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்டவையும் சேர்ந்து உருவாக்கியது. சூளையில் சுட்ட கிளிங்கர் பாதி போதும்; வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஐஸ்லாந்தில் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். முதல் சோதனையில் அதில் 95 சதவீதம் இரண்டு ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் வெளியிட்டார்கள். சித்தம்பூண்டிக் கல் லட்சம் ஆண்டில் செய்கிற வேலை, இரண்டு ஆண்டில். அளவு இன்னும் சிறியதுதான். எரிப்பதைக் குறைக்காமல் இதை மட்டும் நம்புவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது.

காலையில் ஒரு இரண்டாமாண்டு மாணவர் என்னிடம், “சார், ஜியாலஜி படிச்சா வேலை கிடைக்குமா, இல்ல கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்துரவா?” என்றார். அவருடைய அப்பாவும் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் சொல்லப்போகிற பதிலில்தான் பையன் எதிர்காலம் இருப்பது போலத் தெரிந்தது. நான் சொன்னது இதுதான்: தம்பி, எங்கள் காலத்தில் கல்லை எங்கே தோண்டுவது என்று சொல்ல ஆள் தேடினார்கள். உன் காலத்தில் நிலத்தடி நீர் எங்கே மிச்சம் இருக்கிறது, எந்தப் பாறை வாயுவைப் பூட்டும், எந்தக் களிமண் சிமெண்டுக்கு ஆகும் என்று சொல்ல ஆள் தேடுவார்கள். கம்ப்யூட்டரும் படி, அதுவும் வேண்டும். ஆனால் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்வது சரியா தப்பா என்று தெரியாது. அப்பா, “ஒரு வருஷம் பார்ப்போம் சார்” என்றார். நியாயமான பதில். எனக்கு அதில் குறையில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடித்துக்கொள்கிறேன். நம் துறை அருங்காட்சியகத்தில் மூன்று தலைமுறை மாணவர்கள் கொண்டுவந்த அரியலூர்ப் படிவங்கள் இருக்கின்றன. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகள் கரையான் அரித்து, பாதிக்கு மேல் எந்த ஊர், எந்தப் படுகை என்று தெரியவில்லை. இடம் தெரியாத படிவம் முகவரி கிழிந்த கடிதம். அவை எடுக்கப்பட்ட குழிகளில் பல இன்று மழைத்தண்ணீர் நிரம்பிக் குளமாகிவிட்டன. மறுபடி போய் எடுக்க முடியாது. எடுத்தவர்களில் பலர் இன்று இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் துறைக்கு வந்து, உங்கள் கையெழுத்தை அடையாளம் கண்டு, ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். மாணவர்கள் எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். புதுச் சீட்டுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் ஆகிற செலவில் எங்கள் 1981 செட் ஒரு பங்கு தருகிறோம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து இரண்டு பஸ் காரைக்கும் சாத்தனூருக்கும் புறப்படுகிறது. திரும்பும் வழியில் வாரணவாசி அருங்காட்சியகம். எந்தத் துறை மாணவரும் வரலாம், குடும்பத்தோடும் வரலாம். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். சுத்தியல் வேண்டாம், அங்கே பார்ப்பதோடு சரி, எதையும் பெயர்த்து எடுத்து வரக்கூடாது. 11 மணிக்கு மேல் யாரையும் வெயிலில் நிறுத்த மாட்டேன், அது என் பொறுப்பு.